சுடுகாட்டு மல்லி

2017 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் செய்து, "ராணிக்கு ரத்தம் சொட்டுதுடா" என்றாள். நான் பெங்களூரில் இருந்தேன். "பருவத்துக்கு வந்திருக்கும்மா, பத்து நாள்ல நின்னுடும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். பத்து நாளில் நிற்கவில்லை, மூன்று வாரத்திலும் நிற்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஊருக்குப் போனபோது ராணி திண்ணைக்கடியில் சுருண்டு படுத்திருந்தாள். என்னைப் பார்த்து வாலை ஆட்டினாள், எழுந்து வரவில்லை.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் வழியில் இருக்கிறது. கொல்லையில் நின்றால் மேற்கே கல்வராயன் மலை தெரியும். ராணி நாட்டு நாய், செவலை நிறம், அப்போது நான்கு வயது. அப்பா இறந்த வருஷம் வாசலில் வந்து படுத்த குட்டி அவள். அப்பா போன பிறகு அந்த வீட்டில் அம்மாவோடு இருந்த ஒரே உயிர்.

கால்நடை மருத்துவர் கையுறை போட்டுப் பார்த்தார். உள்ளே பூக்கோசு மாதிரி ஒரு கட்டி. கண்ணாடித் துண்டை அதன்மேல் ஒற்றி எடுத்துச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். வட்டவட்டமான செல்கள், அவற்றுக்குள் சின்னச் சின்னக் குமிழிகள். "கேன்சர்தான் சார். ஆனா பயப்படாதீங்க, நாய்ங்களுக்குள்ள ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குத் தொத்துற வகை. வாரம் ஒரு ஊசி, நாலுலேர்ந்து ஆறு வாரம். கரைஞ்சிடும்" என்றார்.

"என்ன ஊசி?"

"வின்கிரிஸ்டின். கீமோதான்."

அந்தச் சொல் காதில் விழுந்ததுமே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அப்பாவுக்கு நிணநீர்க் கணுவில் புற்றுநோய். ஆறு சுற்று கீமோ கொடுத்தார்கள். கடைசி மாதங்களில் அவர் வலியைவிட அதிகமாகச் சொன்னது, "கால் மரத்துப் போவுது, செருப்பு போட்டிருக்கேனா இல்லையான்னே தெரியலடா" என்பதைத்தான். அதற்குப் பிறகு நான் மாற்று மருத்துவத்தின் பக்கம் சாய்ந்திருந்தேன். சாய்ந்தேன் என்பதைவிட, கீமோ கொடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட குற்ற உணர்ச்சிக்கு ஒரு சாய்வு நாற்காலி தேடினேன் என்பது சரியாக இருக்கும். ராணியை முழுக்க இயற்கை முறையில் பார்த்துக்கொள்வது என்று வீட்டில் அறிவித்தேன். மஞ்சள், வேப்பிலை, கைக்குக் கிடைத்த புத்தகங்களில் இருந்த பச்சிலைகள் என்று இரண்டு வாரம் போனது. கட்டி பெரிதானது.

கடைசியாக வெள்ளிமலைக்குப் போனேன். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிகளுக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர்கள், மலையில் வாழ்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபுக் கதை. அதன் ஒரு வடிவத்தில் மூன்று சகோதரர்கள் நாய்களோடு வேட்டைக்குப் போகிறார்கள். மழையில் நாய்கள் மட்டும் வீடு திரும்புகின்றன. கணவர்கள் இறந்துவிட்டார்கள் என்று நம்பிய மனைவியர் உயிரை விடுகிறார்கள். திரும்பி வந்து பார்த்த சகோதரர்கள் மறுபடி மலையேறி, ஆளுக்கொரு மலையில் தங்கிவிடுகிறார்கள். ஓர் இனமே மலைக்கு வந்த கதை, தனியாக வீடு திரும்பிய நாய்களில் தொடங்குகிறது.

அங்கே மாட்டுக்கும் ஆட்டுக்கும் மருந்து கொடுக்கும் பெரியவர் ஒருவரைக் காட்டினார்கள். போனில் எடுத்திருந்த படத்தை வாங்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு, "இது நம்ம மருந்துக்கு அடங்காது தம்பி. மாட்டுக்கு மடி நோவுன்னு வா, ஆட்டுக்குப் புண்ணுன்னு வா, தரேன். இதைக் கீழ ஊசி போடறவங்ககிட்டயே காட்டு. நாளைக் கடத்தாத" என்றார். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை.

மறுநாள் மருத்துவரிடம் போய் நின்றபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இயற்கை மருந்துதானே வேணும்? இதுவும் செடிதான் சார். நித்தியகல்யாணி. உங்க வீட்லயே இருக்கும் பாருங்க" என்றார்.

இருந்தது. கிணற்றடியில், யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், இளஞ்சிவப்பாகப் பூத்து நின்றது.

*

எங்கள் பக்கத்தில் அதைச் சுடுகாட்டு மல்லி என்பார்கள். இலையில் கசப்பு, ஆடு வாய் வைக்காது. மழை இல்லாவிட்டாலும் காயாது. ஆடு மேயும், ஆள் கவனிக்காத இடத்தில் எது மிஞ்சுமோ அதுதானே சுடுகாட்டில் பூக்கும். வருஷம் முழுக்கப் பூப்பதால் நித்தியகல்யாணி. ஒரே செடிக்கு ஒரு மங்கலப் பெயர், ஒரு அமங்கலப் பெயர்.

இவ்வளவு பழகிய செடி நம் ஊர்க்காரி இல்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதன் தாய்வீடு மடகாஸ்கர். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் விதைகள் பாரிசின் அரச தோட்டத்துக்குப் போயின. அங்கிருந்து லண்டனின் செல்சி மருந்துத் தோட்டத்தில் இருந்த ஃபிலிப் மில்லருக்கு. 1759இல் லின்னேயஸ் அதற்கு விங்கா ரோசியா என்று பெயர் வைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜார்ஜ் டான் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்து கேதராந்தஸ் என்றார், கிரேக்கத்தில் தூய மலர் என்று பொருள். ஐரோப்பியக் கப்பல்கள் போன வெப்பமண்டலத் துறைமுகங்களுக்கெல்லாம் அழகுச் செடியாகப் போய், தோட்டத்து வேலியைத் தாண்டி, கடைசியில் நம் கிணற்றடிக்கும் வந்து சேர்ந்தது.

போன இடமெல்லாம் மக்கள் அதை மருந்தாக்கிக்கொண்டார்கள், பெரும்பாலும் சர்க்கரை நோய்க்கு. ஜமைக்காவிலும் அப்படித்தான் அதன் இலையைத் தேநீராகக் குடித்தார்கள். 1952இல் ஜமைக்காவிலிருந்து ஜான்ஸ்டன் என்ற மருத்துவர் கனடாவில் இருந்த கிளார்க் நோபிளுக்கு ஓர் உறை அனுப்பினார். உள்ளே 25 இலைகள். கிளார்க் நோபிள் இன்சுலின் வரலாற்றின் ஓரத்தில் நிற்பவர். 1921இல் பான்டிங்குக்கு உதவியாளராக முதலில் யார் போவது என்று அவரும் சார்லஸ் பெஸ்டும் நாணயம் சுண்டினார்கள் என்றும், பெஸ்ட் ஜெயித்தார் என்றும் சொல்வார்கள். ஓய்வு பெற்றிருந்த கிளார்க், இலைகளைத் தன் தம்பி ராபர்ட் நோபிளுக்கு அனுப்பிவைத்தார். ராபர்ட், மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்.

ராபர்ட் எலிகளுக்கு அந்தச் சாற்றை வாய்வழி கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை. ஊசியாகப் போட்டபோது எலிகள் கிருமித்தொற்றில் செத்துப்போயின. வேறு யாராவது இருந்தால் அந்த இடத்தில் கோப்பை மூடியிருப்பார்கள். நோபிள் அவை ஏன் செத்தன என்று பார்த்தார். ரத்தத்தில் வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்குப் போயிருந்தன. வெள்ளையணுவைக் குறைக்கிற பொருள், வெள்ளையணு கட்டுக்கடங்காமல் பெருகுகிற ரத்தப் புற்றுநோயில் என்ன செய்யும்? சார்லஸ் பியர் என்ற வேதியியலாளர் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். 1958இல் வின்பிளாஸ்டின் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் கார்டன் ஸ்வோபோடாவும் இதே செடியில் தனியாக வேலை செய்துகொண்டிருந்தார். அங்கிருந்து வந்ததுதான் வின்கிரிஸ்டின். 1963இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைப் பெரும்பாலும் குணமாகும் நோயாக மாற்றிய கூட்டுமருந்துகளில் இன்றுவரை அது இருக்கிறது.

ஒரு கிராம் மருந்துக்குப் பல நூறு கிலோ காய்ந்த இலை வேண்டும். தமிழ்நாட்டின் தென்மாவட்ட மானாவாரி நிலங்களில் நித்தியகல்யாணியைப் பயிராகவே போட்டு இலையையும் வேரையும் ஏற்றுமதி செய்தார்கள். மடகாஸ்கருக்கு இதில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடைக்கவில்லை. இது தனிக்கட்டுரைக்கான கணக்கு.

வின்கிரிஸ்டின் செய்வது ஒன்றுதான். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்க நுண்குழல்களால் ஆன கயிறு வேண்டும். அந்தக் கயிறு திரிக்கப்படாமல் இந்த மருந்து தடுத்துவிடுகிறது. வேகமாகப் பிரியும் செல் முதலில் சாகிறது. நரம்புகளும் அதே நுண்குழல்களை நம்பி வாழ்பவைதான். அதனால்தான் கால் மரத்துப்போகிறது.

அன்று இரவு பரணிலிருந்து அப்பாவின் ஃபைலை எடுத்துப் பார்த்தேன். மருந்துப் பட்டியலில் நான்கு பெயர்கள். மூன்றாவது வின்கிரிஸ்டின். மூன்று வருஷமாக நான் வெறுத்தது கிணற்றடியில் பூத்துக்கொண்டிருந்தது.

*

செடியின் பயணம் இப்படி என்றால், ராணிக்கு வந்த கட்டியின் பயணம் இன்னும் விசித்திரமானது.

1876இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ம்ஸ்திஸ்லாவ் நோவின்ஸ்கி என்ற கால்நடை மருத்துவர் ஒரு நாயின் கட்டியிலிருந்து சிறு துண்டை எடுத்து வேறு நாய்களுக்குள் வைத்தார். அவற்றில் கட்டி வளர்ந்தது. ஓர் உயிரிலிருந்து இன்னொன்றுக்குப் புற்றுநோயை வெற்றிகரமாக மாற்றிக் காட்டிய முதல் பரிசோதனை அது. புற்றுநோய் ஆராய்ச்சியின் வரலாறே தெருநாய் நோய் ஒன்றில் தொடங்குகிறது என்று சொல்லலாம்.

தொற்றுவது கிருமியா என்று நெடுங்காலம் தேடினார்கள். 2006இல் லண்டனில் ராபின் வைஸின் குழு இந்தியா, கென்யா, இத்தாலி உட்படப் பல நாட்டு நாய்களின் கட்டிகளை எடுத்து மரபணுவைப் பார்த்தது. கட்டியின் மரபணு அதைச் சுமக்கும் நாயின் மரபணுவோடு பொருந்தவில்லை. மாறாக, எல்லாக் கட்டிகளும் ஒன்றோடொன்று பொருந்தின. அதாவது இங்கே கிருமி எதுவும் கிடையாது. புற்றுச் செல்லே ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்கு, இணை சேரும்போதும் நக்கும்போதும் தாவுகிறது. எப்போதோ வாழ்ந்த ஒரே ஒரு நாயின் உடலில் தோன்றிய புற்று, அந்த நாய் செத்த பிறகும் சாகாமல் நாய் விட்டு நாய் மாறி வாழ்ந்துகொண்டிருக்கிறது. நாய்க்கு 78 குரோமோசோம்கள். இந்தச் செல்களில் அவை ஒட்டியும் மாறியும் அறுபதுக்குக் கீழே வந்துவிட்டன.

எலிசபெத் மர்ச்சிசனின் கேம்பிரிட்ஜ் குழு 2019இல் 43 நாடுகளிலிருந்து 546 கட்டிகளை ஒப்பிட்டு ஒரு குடிவழி வரைந்தது. அதன்படி அந்த முதல் நாய் 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்தது. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்தான் நோய் அந்த வட்டாரத்தைத் தாண்டியது. சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பியக் கப்பல்களில் அமெரிக்கக் கண்டத்துக்குப் போய், அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்கும் இந்தியத் துணைக்கண்டத்துக்கும் வந்து, காலனி நாடுகளில் எல்லாம் பரவியது. இன்னொன்றையும் பார்த்தார்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நாய்களின் கட்டிகளில் சூரியனின் புற ஊதாக் கதிர் விட்ட தழும்புகள் அதிகம். எந்த ஊர் வெயிலில் வாழ்ந்தோம் என்று அந்தச் செல்கள் எழுதி வைத்திருக்கின்றன.

வரைபடத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காலனியக் கடல்வழிகளில் ஒரு பக்கம் நாயின் உடலில் நோய் வந்தது, இன்னொரு பக்கம் தொட்டியில் மருந்து வந்தது. இரண்டுக்கும் ஒன்றையொன்று தெரியாது. கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு செவலை நாயின் உடம்புக்குள் இரண்டும் சந்தித்துக்கொண்டன.

*

முதல் ஊசி போட்ட ஏழாம் நாள் ரத்தம் நின்றது. மூன்றாம் ஊசிக்குப் பிறகு கட்டி பாதியாகியிருந்தது. ஐந்தாவதற்குப் பிறகு மருத்துவர் தேடிப் பார்த்துவிட்டு, "எங்க இருந்துச்சுன்னே தெரியல" என்றார். இந்த நோயில் இது அதிசயம் கிடையாது, பத்தில் ஒன்பது நாய்களுக்கு மேல் இப்படித்தான் தேறுகின்றன.

ஆனால் அந்த ஐந்து வாரமும் ஊசி மட்டுமே வேலை செய்யவில்லை. ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் இரண்டு நாள் அவள் சாப்பிடமாட்டாள். அம்மா குழைந்த சோற்றில் முட்டையைக் கலந்து விரலில் எடுத்து ஈறில் தடவுவாள். வெள்ளையணு குறைந்திருக்கும் நாட்களில் மற்ற நாய்களோடு சேரவிடாமல் கொல்லையில் வலை கட்டினாள். நரம்பை விட்டு மருந்து வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும் என்பதால், ஊசி ஏறி முடிகிற வரைக்கும் ராணியின் முகத்தைத் தன் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அவ்ளோதாண்டி, அவ்ளோதாண்டி" என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

இதைப் பாசம் என்று மட்டும் நினைத்திருந்தேன். அடுத்த ஆண்டு, 2018இல், ஓர் ஆய்வு வந்தது. வின்கிரிஸ்டின் கொடுத்த நாய்களில் இந்தக் கட்டி எப்படிக் கரைகிறது என்று படிப்படியாகப் பார்த்திருந்தார்கள். மருந்து பட்டதும் கட்டி அழற்சி அடைகிறது. உடனே நாயின் சொந்த எதிர்ப்பணுக்கள் உள்ளே புகுகின்றன. மருந்து தொடங்கிவைக்கிறது, உடம்பு முடித்துவைக்கிறது. அப்படியானால் உடம்பைத் தாங்கிப் பிடித்ததும் சிகிச்சைதான்.

முழுமைப் பராமரிப்பு என்று இன்று சந்தையில் விற்கப்படும் சொல்லுக்கு ஆங்கிலத்தில் மூலம் ஹோலிசம். 1926இல் அந்தச் சொல்லை ஒரு புத்தகத்தில் உருவாக்கியவர் தென்னாப்பிரிக்காவின் ஜான் ஸ்மட்ஸ். காந்தி தென்னாப்பிரிக்காவில் எதிர்த்துப் போராடிய அதே ஸ்மட்ஸ். முழுமை பகுதிகளின் கூட்டுத்தொகையைவிடப் பெரியது என்று எழுதியவர், தன் நாட்டு மக்களை நிறத்தால் பகுதி பகுதியாகப் பிரித்த அரசியலில் இருந்தார். முழுமை என்ற சொல்லை யார் சொன்னாலும், எதை வெளியே விட்டுவிட்டுச் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். நான் சொன்னபோது ஊசியை வெளியே விட்டிருந்தேன்.

நாட்டு மருத்துவத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. மாட்டு மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள்தூள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்துப் பூசும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி ஒழுங்குபடுத்தி, அளவு சொல்லி, பால் கூட்டுறவுகள் வழியாக ஆயிரக்கணக்கான விவசாயிகளிடம் கொண்டுசேர்த்தார். அதனால் ஆன்டிபயாட்டிக் செலவு குறைந்தது. அது எந்த நோய்க்கு, எந்த விலங்குக்கு என்று தெரிந்து செய்த வேலை. மாட்டு மருந்துகள் பலவற்றில் சேரும் வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். மலைமேல் இருந்த பெரியவருக்குத் தன் மருந்தின் எல்லை தெரிந்திருந்தது. அது தெரியாதவன் கீழே இருந்து கார் ஓட்டிக்கொண்டு போன நான்தான்.

*

தேறிய பிறகு ராணிக்குக் கருத்தடை செய்தோம். தாமதம் என்று மருத்துவர் அப்போதே சொன்னார். முதல் பருவத்துக்கு முன் செய்தால் மார்புக் கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும், பருவங்கள் கடக்கக் கடக்க அந்தப் பாதுகாப்பு தேய்ந்துவிடும். 2023இல், பத்து வயதில், கடைசிக் காம்புக்குப் பக்கத்தில் ஒரு நெல்லிக்காய் தட்டுப்பட்டது. எக்ஸ்ரேயில் நுரையீரலில் வெள்ளைப் புள்ளிகள்.

இந்த முறை எந்தச் செடியும் கிடையாது, எந்த ஊசியும் கிடையாது. மருத்துவர் வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மனிதர் மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள் என்று எச்சரித்தார். பிறகு அலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் வகுத்த ஓர் அளவுகோலைச் சொன்னார். வலி, பசி, நீர், சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்பது. ஏழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். 35க்கு மேல் இருக்கும்வரை பார்த்துக்கொள்ளலாம். லண்டனில் 1967இல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், சாகும் மனிதரின் வலி உடம்பில் மட்டும் இல்லை, அவரைச் சுற்றி உள்ள எல்லாவற்றிலும் இருக்கிறது என்று முழுவலி என்ற கருத்தைச் சொன்னார். அந்தச் சிந்தனை நாய்வரை வந்து சேர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

நான் எக்செல்லில் அட்டவணை போட்டேன். அம்மா தினசரி காலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு சுழி, கெட்ட நாளுக்கு ஒரு கோடு போட்டாள். சாக்கை இரண்டாக மடித்துப் படுக்கை, இடுப்புக்கடியில் துண்டு கொடுத்துத் தூக்கிக் கொல்லைக்கு நடத்துவது, ஈ மொய்க்காமல் கொசுவலை, உப்பில்லாத கோழிச்சாறு. நான்கு மாதம் சுழிகளாகவே இருந்தன. மார்கழியில் ஒரே வாரத்தில் ஐந்து கோடு விழுந்தது. என் அட்டவணை அப்போதும் 38 என்றது. சந்தோஷத்துக்கு நான் மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டிருந்தேன்.

அம்மாதான் சொன்னாள். "உங்கப்பாவை நாம கேக்கல. இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுன்னு போட்டுக்கினே இருந்தோம். இவளையாவது கேப்போம்டா."

மருத்துவர் வீட்டுக்கே வந்தார். அம்மா பழையபடி ராணியின் முகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அவ்ளோதாண்டி" என்றாள்.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது, ஏறக்குறைய 1,400 ஆண்டுப் பழமை. கால்நடைகளைக் காத்து இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வனைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் வட்டாரத்தில் நாய்க்குப் பெயர் வைத்து, செத்தால் கல் நட்ட ஆட்கள் இருந்திருக்கிறார்கள். நாங்கள் கல் நடவில்லை. கொல்லையில் மலை தெரியும் பக்கமாகக் குழி வெட்டினோம்.

இந்த நோய் பிரிட்டனில் ஒருகாலத்தில் இருந்தது. நாய்களைத் தெருவில் அலையவிடாத சட்டங்கள் வந்த பிறகு ஏறக்குறைய மறைந்துவிட்டது. சென்னையில் ப்ளூ கிராஸ் அறுபதுகளிலேயே கருத்தடையைப் பேசியது, மாநகராட்சி 1996இல் கையில் எடுத்தது. சிறு ஊர்களுக்கு அது இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. ஐந்து ஊசியில் ராணியை மீட்டோம். அவளுக்குக் கொடுத்த நாய் எது, அது இன்னும் எத்தனைக்குக் கொடுத்தது என்று நாங்கள் கேட்கவே இல்லை. என் முழுமை அங்கேயும் ஒரு வேலிக்குள்தான் இருந்திருக்கிறது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது வாசலில் கறுப்பாக ஒரு பெட்டைக்குட்டி கட்டியிருந்தது. தெருவில் அதோடு பிறந்த மூன்று குட்டிகள் திரிந்துகொண்டிருந்தன. காலண்டரில் ஒரு தேதியைச் சுற்றி அம்மா பேனாவால் வட்டம் போட்டிருந்தாள்.

"இதுக்கு ஆபரேசன். ஆறு மாசம் முடியுது."

"சரிம்மா."

"ஒண்ணுக்கு மட்டும் இல்ல, நாலுக்கும் சொல்லி வச்சிருக்கேன். நீ வண்டி எடுத்துக்கினு வந்துடு" என்றாள்.